ஒரு புள்ளியும் சாய்வும் கொடுத்தா சமன்பாடு எழுதுறது எப்படி? பொண்ணு சூத்திரம் தெரிஞ்சும் தப்பு பண்றா

தையல்மிஷின் · பழைய வண்ணாரப்பேட்டை · இரவு 9:42

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுலயே தையல் வேலை பாக்குறேன், பொண்ணு பத்தாவது. ஆயத்தொலை வடிவியல் டெஸ்ட்ல ஒரு 2 மார்க் கணக்கு: "(4, −1) என்ற புள்ளி வழியே செல்வதும், சாய்வு −2/3 உடையதுமான நேர்க்கோட்டின் சமன்பாட்டைக் காண்க." அவ எழுதின விடை 2எக்ஸ் + 3ஒய் − 11 = 0. சிவப்பு மையில ஒரு சுழி போட்டு அரை மார்க் கொடுத்திருக்காங்க. எங்க தப்புன்னு எழுதலை.

டியூஷன்ல கேட்டா "சூத்திரத்தை மனப்பாடம் பண்ணு"ன்னுட்டாங்களாம். சூத்திரம் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்றா. அப்புறமும் ஏன் தப்பாகுது? நான் பத்தாவது முடிச்சு 22 வருஷம் ஆச்சு. எனக்குப் புரியிற மாதிரி யாராவது சொன்னீங்கன்னா நான் அவளுக்குச் சொல்லிடுவேன்.

கொருக்குப்பேட்டை_கிராக்கி · இரவு 9:51

அக்கா, அந்தப் பெரிய சூத்திரமே வேணாம். ஒய் = எம் எக்ஸ் + சி மட்டும் தெரிஞ்சா போதும். எம்னா சாய்வு, சின்னா கோடு ஒய் அச்சை வெட்டுற இடம். எம் இடத்துல −2/3 போடுங்க. எக்ஸுக்கு 4, ஒய்க்கு −1 போடுங்க.

−1 = −8/3 + சி
சி = 8/3 − 1 = 5/3

ஒய் = −2/3 எக்ஸ் + 5/3. முழுசா 3 ஆல பெருக்கி ஒரு பக்கம் கொண்டு வந்தா 2எக்ஸ் + 3ஒய் − 5 = 0. வேலை முடிஞ்சுது. நான் டிப்ளமோ வரைக்கும் இத வச்சே ஓட்டிட்டேன்.

பழைய_சாக்பீஸ் · ராயபுரம் · இரவு 10:08

தம்பி சொன்ன விடை சரி. ஆனால் அம்மா கேட்டது வேறு: பொண்ணு எங்கே சறுக்கினாள்?

மாநகராட்சிப் பள்ளியில் 31 வருஷம் கணக்கு நடத்தினவன் நான். அந்த 11 எப்படி வந்திருக்கும் என்று பேப்பரைப் பார்க்காமலே சொல்கிறேன். சூத்திரம்:

ஒய் − ஒய்₁ = எம் (எக்ஸ் − எக்ஸ்₁)

(எக்ஸ்₁, ஒய்₁) என்பது கொடுத்த புள்ளி. ஒய்₁ என்ற இடத்தில் −1 வரணும். அவள் ஒய் − 1 என்று எழுதியிருப்பாள். சூத்திரத்தில் ஏற்கெனவே ஒரு கழித்தல், எண்ணோடு இன்னொரு கழித்தல். இரண்டும் ஒன்றுதான் என்று கை முடிவு பண்ணிவிடும். அப்புறம் 3ஒய் − 3 = −2எக்ஸ் + 8, அங்கிருந்து 2எக்ஸ் + 3ஒய் − 11 = 0. சரிதானா, பேப்பரைப் பாருங்கள்.

சரியானது ஒய் − (−1), அதாவது ஒய் + 1. அப்போது 3ஒய் + 3 = −2எக்ஸ் + 8; 2எக்ஸ் + 3ஒய் − 5 = 0.

வகுப்பில் நான் செய்ய வைப்பது இது. எண்ணைத் தொடுவதற்கு முன்னாடி வெறும் அடைப்புக்குறி மட்டும் போடணும்:

ஒய் − (   ) = (   ) [எக்ஸ் − (   )]

மூன்று காலி வீடு. ஒவ்வொரு எண்ணும் தன் குறியோடு உள்ளே குடியேறணும். குடியேறின பிறகுதான் அடைப்பைப் பிரிக்கணும். அவசரப்படுகிற பிள்ளைகள் இந்த ஒரு வரியைத்தான் தாண்டிக் குதிக்கிறார்கள்.

தையல்மிஷின் · இரவு 10:15

சார், அப்படியே இருக்கு. ஒய் − 1 தான் எழுதியிருக்கா. பக்கத்துல இருந்து எட்டிப் பாத்த மாதிரி சொல்லிட்டீங்க.

சரி, இன்னொண்ணு. அந்தச் சூத்திரம் எங்கேர்ந்து வருது? "ஏன் கழிக்கிறோம்"னு அவ கேட்டா என்கிட்ட பதில் இல்லை.

பழைய_சாக்பீஸ் · இரவு 10:31

நல்ல கேள்விம்மா. இது புதுச் சூத்திரமே இல்லை, சாய்வுக்கான வரையறைதான். இரண்டு புள்ளி கொடுத்தால் சாய்வு எப்படி எடுப்போம்? ஒய் எவ்வளவு மாறியது, எக்ஸ் எவ்வளவு மாறியது, வகுத்துக்கொள். மாற்றம் என்றாலே கழித்தல்.

இப்போது ஒரு புள்ளி தெரியும்: (4, −1). அதே கோட்டில் இன்னொருத்தர் நிற்கிறார், பேரும் தெரியாது ஊரும் தெரியாது. அவருக்கு (எக்ஸ், ஒய்) என்று பேர் வைத்துவிட்டோம். அவர் கோட்டில் எங்கே நின்றாலும் சரி, நம்ம புள்ளியிலிருந்து அவர் வரைக்கும் எடுக்கிற சாய்வு −2/3 தான் இருக்கணும்:

(ஒய் + 1) / (எக்ஸ் − 4) = −2/3

இதுதான் சமன்பாடு. கீழே இருக்கிற (எக்ஸ் − 4) ஐ அந்தப் பக்கம் பெருக்கினால் பாடப்புத்தகச் சூத்திரம்.

ஏன் அந்தப் பக்கம் கொண்டுபோகிறோம்? அந்தப் பேர் தெரியாதவர் நடந்து நடந்து நம்ம (4, −1) மேலேயே வந்து நின்றுவிட்டால், மேலே 0, கீழே 0. வகுக்க முடியாது. கோட்டில் அந்த ஒரு புள்ளி மட்டும் ஓட்டையாகிவிடும். பெருக்கி எழுதினால் 0 = 0, ஓட்டை அடைபட்டுவிடும்.

விடை சரியா என்று பார்க்க ஆசிரியர் வேண்டாம். வந்த சமன்பாட்டில் கொடுத்த புள்ளியைப் போடுங்கள். 2எக்ஸ் + 3ஒய் − 11 இல் (4, −1) போட்டால் 8 − 3 − 11 = −6. பூஜ்யம் வரலை, கோடு அந்தப் புள்ளி வழியாகவே போகலை. 2எக்ஸ் + 3ஒய் − 5 இல் போட்டால் 8 − 3 − 5 = 0. பரீட்சையில் பத்து விநாடி ஆகும்.

மீட்டர்_போடு · தண்டையார்பேட்டை · இரவு 10:44

இன்னா வாத்யாரே, சவாரி இல்லாம ஸ்டாண்டுல குந்திக்கினு படிச்சுக்கினு கீறேன். இது எங்க ஆட்டோ ரேட்டு மாதிரியே கீதே. 2013 ஆகஸ்ட்டுல கவர்மெண்ட்டு போட்ட ரேட்டு: மொத 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபா, அப்பால கிலோமீட்டருக்கு 12 ரூபா. அப்ப சாய்வு 12. ஒய் = 12எக்ஸ் + 25. கரீட்டா?

அந்த ரேட்டுக்கு யாரு வர்றாங்கன்னு இங்க யாரும் கேக்கக் கூடாது.

கொருக்குப்பேட்டை_கிராக்கி · இரவு 10:49

அண்ணே, அப்ப 3 கிலோமீட்டருக்கு 36 + 25 = 61 ரூபாயா? மீட்டர்ல சூடு வச்சவன் கூட அவ்ளோ கேக்க மாட்டான்.

மீட்டர்_போடு · இரவு 10:50

அட, ஆமா. 25 ரூபாக்குள்ளயே 1.8 போயிடுது. மிச்சம் 1.2 கிலோமீட்டருக்கு 14 ரூபா 40 காசு. மொத்தம் 39.40. எங்க உட்டேன்?

பழைய_சாக்பீஸ் · இரவு 11:02

நீங்க விட்ட இடத்தில்தான் பாதி வகுப்பும் விடும். 25 ரூபாய் என்பது 0 கிலோமீட்டரில் இருக்கிற எண் இல்லை, 1.8 இல் இருக்கிற எண். உங்க புள்ளி (1.8, 25). சாய்வு 12.

ஒய் − 25 = 12 (எக்ஸ் − 1.8)

நீங்க மனசுக்குள்ளே போட்ட கணக்கு அப்படியே இதுதான்: மொத்தத் தூரத்தில் 1.8 ஐக் கழித்தீர்கள், 12 ஆல் பெருக்கினீர்கள், 25 ஐச் சேர்த்தீர்கள். ரேட்டு அட்டையே புள்ளி–சாய்வு வடிவத்தில்தான் அச்சாகி இருக்கிறது.

இப்போது தம்பி கட்சிப்படி சி கண்டுபிடிப்போம். 25 = 21.60 + சி. சி = 3.40. ஒய் = 12எக்ஸ் + 3.40. 3 கிலோமீட்டருக்கு 39.40, சரியாகவே வரும். ஆனால் இந்த 3 ரூபாய் 40 காசு யாருடையது? எந்த அட்டையிலும் கிடையாது. 1.8 க்கு முன்னாடி இந்தக் கோடே கிடையாது. அங்கே 25 ரூபாயில் படுத்த கோடுதான் இருக்கிறது. இல்லாத இடத்துக்குக் கோட்டை நீட்டி, அங்கே ஒய் அச்சில் முட்ட வைத்துக் கிடைத்த எண் அது.

மீட்டர்_போடு · இரவு 11:05

3 ரூபா 40 காசுக்கு ஹார்னு கூட அடிக்க மாட்டோம் சார்.

கொருக்குப்பேட்டை_கிராக்கி · இரவு 11:11

சார், ஆனா விடை சரியா வருதே. சி எங்க இருந்தா என்ன? ரெண்டு சூத்திரம் மனப்பாடம் பண்றதுக்கு ஒண்ணு பெட்டர்தானே?

பழைய_சாக்பீஸ் · இரவு 11:20

விடை வரும், மார்க்கும் வரும், மறுக்கலை. சாய்வும் வெட்டுத்துண்டும் (அதாவது உன் சி) கொடுத்திருந்தால் நானும் உன் கட்சி. கேள்வியில் 'ஒரு புள்ளி' என்று கொடுத்துவிட்ட பிறகு, கையில் இருப்பதை விட்டுவிட்டு இல்லாத ஒன்றைத் தேடிப் போவானேன் என்கிறேன். அதுவும் சி பின்னமாக வந்தால் பிள்ளைகள் அங்கேயே இன்னொரு முறை தப்புப் பண்ணும். −1 + 8/3 ஐ 7/3 என்று எழுதின பேப்பர் எத்தனை திருத்தியிருக்கேன் தெரியுமா.

ரெட்_ஃபாலோ · புதுவண்ணாரப்பேட்டை · காலை 6:38

இப்பதான் பாத்தேன், நல்ல இழை. நான் கேரம் ஆடுறவன். எங்க ஏரியாவுல தெருவுக்கு ஒரு போர்டு. செரியன் நகர் பொண்ணு காசிமா 2024-ல அமெரிக்கா போய் உலகக் கோப்பையில 3 தங்கம் வாங்கினதுலேர்ந்து சின்னப் பசங்க இன்னும் ஜாஸ்தி. சார் சொன்ன "கையில இருக்கிற புள்ளி" எங்களுக்கு ஒவ்வொரு ரீபவுண்டுலயும் இருக்கு.

போர்டு உள்பக்கம் 74 சென்டிமீட்டர் சதுரம். நான் உக்காந்திருக்கிற பக்கத்துல இடது மூலையை (0, 0)ன்னு வச்சுக்குங்க. ஸ்ட்ரைக்கர் (24, 10)ல. சாய்வு 4/5ல வலது பக்கம் சுண்டுறேன்.

ஒய் − 10 = 4/5 (எக்ஸ் − 24)

வலது கட்டையில எக்ஸ் = 74. வித்தியாசம் 50, அதுல 4/5 பங்கு 40. ஒய் = 50. ஆக (74, 50)ல முட்டும். முட்டித் திரும்பும்போது ஏறுற வேகம் அப்படியே இருக்கு, வலது இடமாயிடுது, அதனால சாய்வு −4/5. இப்ப புது கோடு. புள்ளி? முட்டின இடமேதான்.

ஒய் − 50 = −4/5 (எக்ஸ் − 74)

எதிர்க்கட்டை ஒய் = 74. சமன்பாட்டோட இடது பக்கம் 74 − 50 = 24. அதுக்கு எக்ஸ் − 74 = −30, எக்ஸ் = 44. எதிர்ல (44, 74)ல போய் நிக்கும். இந்த ரெண்டாவது கோட்டுக்கு சி எவ்ளோன்னு போட்டுப் பாத்தேன்: 109.2. போர்டே 74 தான். கோடு எதிர்க்கட்டையைத் தாண்டி, ஒய் அச்சுல எங்கயோ மேல போய் முட்டுது.

கொருக்குப்பேட்டை_கிராக்கி · காலை 7:15

ப்ரோ, நிஜத்துல அப்படியா போகும்? நான் சுண்டினா எதிராளி மடியில விழுது.

ரெட்_ஃபாலோ · காலை 7:24

பேப்பர்ல இருக்கிற மாதிரி அப்படியே போகாது. ஒண்ணு, ஸ்ட்ரைக்கருக்கு 4 சென்டிமீட்டருக்குக் கிட்ட விட்டம் இருக்கு. அதோட நடுப்புள்ளி கட்டையைத் தொடவே தொடாது, 2 சென்டிமீட்டர் முன்னாடியே திரும்பிடும். எக்ஸ் = 72 போட்டா ஒய் = 48.4. அந்தப் புள்ளியிலேர்ந்து ரெண்டாவது சமன்பாட்டைத் திருப்பி எழுதணும். ரெண்டு, பவுடர், ஸ்பின். அதுக்கு சமன்பாடு எங்க அண்ணன் விரல்ல இருக்கு, எழுதத் தெரியாது.

டிராக்_ஓரம் · பெரம்பூர் · காலை 8:02

ரயில்வேயில டிராக் வேலை பாத்து ரிட்டயர் ஆனவன். எங்களுக்கும் சாய்வுதான் சோறு. லைன் ஓரத்துல கை வச்ச சின்ன கம்பம் பாத்திருப்பீங்க. கை மேல தூக்கியிருந்தா ஏத்தம், தாழ்ந்திருந்தா இறக்கம். அதுல 200னு எழுதியிருந்தா 200 மீட்டர் போனா 1 மீட்டர் ஏறும், சாய்வு 1/200. அந்தக் கம்பம் இருக்கிற இடத்துல தண்டவாள மட்டம் தெரிஞ்சா போதும், மிச்ச தூரத்துக்கு மட்டம் போட்டுக்கலாம்.

வாத்தியார் ஐயாகிட்ட ஒரு கேள்வி. 2021 பிப்ரவரியில விம்கோ நகர் வரைக்கும் விட்டாங்களே மெட்ரோ, அது தண்டையார்பேட்டை வரைக்கும் பூமிக்கு அடியில, அதைத் தாண்டினதும் மேல ஏறி வெளிச்சத்துக்கு வரும். திருவொற்றியூர் போகும்போது ஏத்தம், திரும்பி வரும்போது அதே எடம் இறக்கம். அப்ப அந்தக் கோட்டுக்கு சாய்வு ஒண்ணா ரெண்டா?

பழைய_சாக்பீஸ் · காலை 8:40

ஐயா, ஒண்ணுதான். வண்டி எந்தப் பக்கம் போகிறது என்பது வண்டியின் சமாசாரம். அச்சை ஒரு முறை வரைந்துவிட்டால் நாம் எப்போதும் இடமிருந்து வலமாகத்தான் படிக்கிறோம். வலமிருந்து கழித்தால் மேலேயும் குறி மாறும், கீழேயும் குறி மாறும், வகுத்தால் பழைய எண்ணே வரும். பிள்ளைகள் எந்தப் புள்ளியை முதலாக எடுத்தாலும் தப்பில்லை என்பதற்குக் காரணம் இதுதான். மேலே ஒரு வரிசையும் கீழே இன்னொரு வரிசையும் எடுத்தால்தான் குட்டிச்சுவர்.

மீட்டர்_போடு · காலை 9:10

வாத்யாரே, எம்முன்னா இன்னா? பிரெஞ்சுல ஏறுறதுக்கு ஏதோ எம்முல வருமாம், அதான் வச்சாங்கன்னு ஒரு சவாரி சொன்னாரு.

பழைய_சாக்பீஸ் · காலை 9:18

அந்தக் கதை ஊரெல்லாம் சுத்துது. ஆயத்தொலை வடிவியலுக்கு வழி போட்ட டேக்கார்ட் பிரெஞ்சுக்காரர்தான்; ஆனால் 1637 இல் வந்த அவர் வடிவியல் நூலில் இந்த எம் கிடையாது.

தையல்மிஷின் · மதியம் 2:26

காலைலேர்ந்து மூணு சுடிதார் டாப் வெட்டினேன். கத்தரி கையில இருக்கும்போதுதான் எனக்கு ஒண்ணு விளங்கிச்சு. தப்பா இருந்தா திருத்துங்க.

துணியை நாலா மடிச்சுப் போடுவோம். மடிப்புப் பக்கம் இடது கைப் பக்கம். மேல் விளிம்புல மடிப்புலேர்ந்து 3 இன்ச் அளந்து சாக்குல ஒரு புள்ளி, அது கழுத்து. 7 இன்ச்சுல இன்னொரு இடம், அது ஷோல்டர். ஆனா ஷோல்டரை நேரா வெட்ட மாட்டோம், வெட்டினா தோள்ல தூக்கிக்கிட்டு நிக்கும். அரை இன்ச் இறக்கிக் குறி வச்சு, கழுத்துப் புள்ளியிலேர்ந்து ஸ்கேல் வச்சு இழுப்போம். ஷோல்டர் இறக்கம்னு சொல்லுவோம்.

மடிப்பை ஒய் அச்சுன்னும் மேல் விளிம்பை எக்ஸ் அச்சுன்னும் வச்சா, என் புள்ளி (3, 0). 4 இன்ச் போனா அரை இன்ச் கீழ, அப்ப சாய்வு −1/8.

ஒய் − 0 = −1/8 (எக்ஸ் − 3)

எக்ஸ் + 8ஒய் − 3 = 0. ஷோல்டர் புள்ளி (7, −1/2) போட்டுப் பாத்தேன்: 7 − 4 − 3 = 0. எனக்கே சிரிப்பு வந்துடுச்சு, கஸ்டமர் என்னன்னு கேட்டாங்க.

அந்தத் தம்பி சொல்ற சி எங்க வருதுன்னும் பாத்தேன். எக்ஸ் = 0 போட்டா ஒய் = 3/8. மடிப்புல, மேல் விளிம்புக்கும் மேல. அங்க துணியே இல்லை சார். துணி இருந்தா கூட அது கழுத்துக்காக வெட்டிப் போடுற எடம்.

கொருக்குப்பேட்டை_கிராக்கி · மதியம் 2:41

அக்கா, கழுத்தையே வெட்டிட்டீங்க. ஆனா மேடு பள்ளம் இல்லாத கோடு, நட்டுக்குத்தலா நிக்கிற கோடு எல்லாம் என்ன பண்ணுவீங்க? ரெண்டு சூத்திரமும் அங்க ஒரே மாதிரிதானே?

பழைய_சாக்பீஸ் · மாலை 4:30

படுத்த கோட்டுக்கு சாய்வு 0. (4, −1) வழியே என்றால் ஒய் + 1 = 0, முடிந்தது. நட்டுக்குத்தலா நிற்கிற கோட்டுக்கு எக்ஸ் மாறவே மாறாது. 0 ஆல் வகுக்க முடியாது, ஆக சாய்வு வரையறுக்க முடியாதது. அங்கே உன் சூத்திரமும் செல்லாது, என் சூத்திரமும் செல்லாது. எக்ஸ் = 4 என்று எழுதிவிட்டுப் போகணும். இதில் மட்டும் நாம் இரண்டு பேரும் ஒரே கட்சி.

அம்மா, உங்க ஷோல்டர் இறக்கத்தை நான் முன்னாடியே கேட்டிருந்தால் 31 வருஷம் அந்த ஏணிப் படத்தையே போர்டில் வரைந்துகொண்டு இருந்திருக்க மாட்டேன். பொண்ணுக்கு ஒரு கணக்கு: (−3, 5) வழியே, 2எக்ஸ் + 3ஒய் − 5 = 0 என்ற கோட்டுக்குச் செங்குத்தாக. நீங்க சொல்லித்தராதீங்க.

தையல்மிஷின் · இரவு 8:55

அவளே தட்டச்சு பண்றா, நான் தலையிடலை:

"சார் வணக்கம். அந்தக் கோட்டோட சாய்வு −2/3. செங்குத்துன்னா ரெண்டு சாய்வையும் பெருக்கினா −1 வரணும், அதனால 3/2. காலி வீடு மூணு போட்டேன்.

ஒய் − (5) = (3/2) [எக்ஸ் − (−3)]
2ஒய் − 10 = 3எக்ஸ் + 9
3எக்ஸ் − 2ஒய் + 19 = 0

புள்ளியைப் போட்டுப் பாத்தேன். −9 − 10 + 19 = 0. முதல்ல 2ஒய் − 5ன்னு எழுதிட்டேன், 2 ஆல 5ஐப் பெருக்க மறந்துட்டேன். அப்ப 3எக்ஸ் − 2ஒய் + 14 வந்துச்சு, புள்ளி போட்டா −5. அதை அடிச்சிட்டுத் திருப்பி எழுதினேன். அடிச்சதுக்கு மார்க் குறைப்பீங்களா?"

பழைய_சாக்பீஸ் · இரவு 9:03

குறைக்க மாட்டேன்மா. அடித்ததை அழிக்காமல் அப்படியே விடு.

மீட்டர்_போடு · இரவு 9:20

பாப்பாக்கு ஒரு கேள்வி: டோல்கேட்லேர்ந்து ஒருத்தரு 6 கிலோமீட்டர் சவாரிக்கு 150 குடுத்தாரு. ரேட்டுப்படி எவ்ளோ, எவ்ளோ ஜாஸ்தி?

தையல்மிஷின் · இரவு 9:24

75 ரூபா 40 காசுங்குறா அண்ணே. மிச்சம் 74.60 க்கு எந்தச் சூத்திரம்னு உங்களைக் கேக்கச் சொல்றா.